எந்தச் சிக்னலுக்குக் குழி தோண்டுவது? இங்கிலாந்து உழவு வயலுக்கு மூன்று முறைகளின் ஒப்பீடு

இங்கிலாந்தில் அறுவடை முடிந்து உழுது போட்ட வயலொன்றில், நிலக்காரரின் அனுமதியோடு மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு இறங்குபவருக்கு, காதில் விழும் ஒலிகள் அனைத்துக்கும் குழி தோண்ட ஒரு பகல்பொழுது போதாது. ரோமானியர் கை தவறவிட்ட காசிலிருந்து சென்ற ஆண்டு டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த நட்டு வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளின் உலோகம் அந்த ஓரடி மண்ணுக்குள் உழவால் மேலும் கீழுமாகப் புரண்டு கிடக்கிறது. அதனால் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருப்பவர்கள் எல்லோருமே ஏதாவதொரு தேர்வு முறையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயர்ந்த எண் காட்டும் சிக்னலை மட்டும் தோண்டுவோர் ஒரு சாரார். இரும்பு உட்பட எதையும் விடாமல் தோண்டுவோர் இன்னொரு சாரார். இரும்பு அல்லாததாகத் தெரிந்து, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஒலிக்குமானால் எண் எதுவாக இருந்தாலும் தோண்டுவோர் மூன்றாவது சாரார். உழவு வயலைப் பொறுத்தவரை மூன்றாவது முறைதான் ஏற்றது என்பது என் முடிவு. ஆனால் மற்ற இரண்டுக்கும் உரிய இடங்கள் உண்டு. மூன்றாவதைக் கவனக்குறைவாகக் கையாண்டால் நாளடைவில் அதுவே முதல் முறையாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. எனவே மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

அதற்கு முன் திரையில் தோன்றும் எண் எதைக் குறிக்கிறது என்பது தெளிவாக வேண்டும். பெரும்பாலோர் பயன்படுத்தும் விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகைக் கருவியில், தரைக்கு மேல் அசைக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ (coil), மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அந்த மின்னோட்டங்கள் எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி வாங்கி, அனுப்பியதற்கும் பெற்றதற்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை, அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பதை, அளந்து எண்ணாக மாற்றுகிறது. சில கருவிகளில் அந்த எண் 0 முதல் 99 வரை செல்லும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 கருவியில் −9 முதல் 40 வரை. அளவுகோல் எதுவானாலும், இந்தக் கட்ட வேறுபாடு உலோகத்தின் மின்கடத்துத்திறனை மட்டும் பொறுத்ததன்று. பொருளின் பரப்பு, தடிமன், வடிவம், கலப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. சுத்தத் தங்கம் அலுமினியத்தைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் நகைக்காக அதில் வெள்ளியும் செம்பும் சேர்த்தவுடன் கடத்துத்திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே மெல்லிய தங்க மோதிரம் அலுமினியத் தாள் காட்டும் எண்ணிலும், சற்றுக் கனமான மோதிரம் குளிர்பான டின்னின் இழுவளையம் காட்டும் எண்ணிலும் வந்து நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் இந்த இரண்டையும் எண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்லாது. தங்கம் என்றால் எண் உயர்ந்து காட்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் மிகப் பலர். அந்த ஓர் எண்ணத்தை மாற்றிக்கொண்டாலே தோண்டும் முடிவு பாதி சரியாகிவிடும்.

உயர்ந்த எண் முறையின் கவர்ச்சி எளிதில் புரிகிறது. பெரிய வெள்ளிக் காசுகளும் தடித்த செப்புக் காசுகளும் அளவுகோலின் மேல்முனையில் தெளிவான, இனிமையான ஒலியோடு வரும். மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் 1797ஆம் ஆண்டு அச்சிட்ட செப்புப் பென்னி ஓர் அவுன்ஸ் எடையுள்ளது. அந்தக் காசை எந்தக் கருவியும் தவறவிடாது. பூங்காப் புல்வெளியில், ஒரு மணி நேரமே கையிலிருக்கும்போது, புல்லைக் கெடுக்காமல் ஐந்தாறு குழிகளோடு முடித்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த முறையைக் குறை சொல்ல முடியாது. அங்கே இழுவளையமும் பாட்டில் மூடியும் குவிந்து கிடக்கும் என்பதால், நடு எண்களைத் தோண்டத் தொடங்கினால் புல்வெளியே பாழாகும்.

அதே முறையை உழவு வயலுக்குக் கொண்டுபோகும்போது இழப்பு பெரிது. இங்கிலாந்தின் இடைக்கால வெள்ளிப் பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் எட்வர்டின் பென்னி ஏறத்தாழ 1.4 கிராம் எடையும் 19 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட மெல்லிய தகடு. நல்ல வெள்ளிதான் என்றாலும் தடிமன் இல்லாததால் அது பெரிய வெள்ளிக் காசின் இடத்துக்கு ஏறாமல் நடுவிலேயே நின்றுவிடும். 1279, 1280ஆம் ஆண்டுகளில் வட்டமான கால் பென்னியும் அரைப் பென்னியும் வழக்கத்துக்கு வரும் வரை, சில்லறை வேண்டியவர்கள் பென்னியையே அதில் பொறித்திருந்த சிலுவையின் கோட்டின் வழியே இரண்டாகவும் நான்காகவும் வெட்டிக்கொண்டார்கள். அப்படி வெட்டிய கால் துண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. அது காட்டும் எண் கசங்கிய அலுமினியத் தாளின் எண்ணுக்கு அருகில் இருக்கும். ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்துச் சிறு வெண்கலக் காசுகளும், ஆங்கிலோ சாக்சன் காலத்து மெல்லிய ஆடைக் கொக்கிகளும், தங்கத் துணுக்குகளும் இதே கீழ்ப்பகுதியில்தான் ஒலிக்கின்றன. உயர்ந்த எண்ணை மட்டும் தோண்டுகிறவர் வயலின் வரலாற்றில் கடைசி முந்நூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தையவற்றை மண்ணிலேயே விட்டுச் செல்கிறார் என்று சொன்னால் அது சற்றே மிகைதான்; ஆயினும் உண்மைக்கு அதிக தூரத்தில் இல்லை.

எதையும் விடாமல் தோண்டுவதற்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. லிங்கன்ஷயரில் டார்க்சி என்ற ஊருக்கு அருகே, 872–873 குளிர்காலத்தில் வைக்கிங் பெரும்படை தங்கிய முகாமின் இடம், பல ஆண்டுகளாக டிடெக்டர்காரர்கள் எடுத்துப் பதிவு செய்த பொருட்களால்தான் தெளிவானது. அங்கே கிடைத்தவை என்ன என்று பார்த்தால், வெட்டிச் சிறுதுண்டுகளாக்கிய அராபியத் திர்ஹம் வெள்ளிக் காசுகள், எடைக்கற்கள், நூற்றுக்கணக்கான ஈய விளையாட்டுக் காய்கள். இவற்றில் பெரும்பகுதி கீழ் எண்ணும் நடு எண்ணும்தான். 1485ஆம் ஆண்டின் பாஸ்வர்த் போர்க்களம் மரபாகக் காட்டப்பட்டு வந்த குன்றுப் பகுதியில் இல்லை, அதிலிருந்து இரண்டு மைல் அளவுக்குத் தள்ளியே இருந்தது என்பதை நிறுவிய ஆய்விலும் முதன்மைச் சான்றாக அமைந்தவை ஈயக் குண்டுகள். அந்தப் போரில் மடிந்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த, வெள்ளியில் தங்க முலாம் பூசிய சிறு பதக்கமும் அங்கே கிடைத்தது. அந்தக் குண்டுகளை “வெறும் ஈயம்” என்று விட்டிருந்தால் களத்தின் இடம் தெரிந்திருக்காது. உழவு வயலில் ஒவ்வோர் ஈயத்துண்டையும் வெறுப்போடு எடுத்துப் பையில் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு இடங்களும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் இரும்பையும் சேர்த்து எல்லாவற்றையும் தோண்டுவது திட்டமிட்ட ஆய்வுக்கும், ஓரிரு ஏக்கரில் பல மாதம் பொறுமையாக வேலை செய்பவருக்கும் பொருந்துமேயன்றி, பருவத்தில் விதைப்புக்கு முன் சில வாரமே வயல் திறந்திருக்கும் சாதாரண டிடெக்டர்காரருக்குப் பொருந்தாது. ரோமானியக் கட்டடம் இருந்த வயலில் கூரை ஆணிகள் மட்டும் ஒரு சதுர மீட்டருக்குள் பலவாகக் கிடக்கும். அவற்றை எடுத்தாலும், துருப்பிடித்த இரும்பு மண்ணிலிருந்து வெளிவந்து காற்றுப்பட்டதும் விரைந்து சிதையத் தொடங்கும். முறையாகப் பாதுகாக்கும் வசதி இல்லாத கைகளில் அது சில மாதங்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பயன்படுத்தாத, பாதுகாக்க முடியாத பொருளை வெளியே எடுப்பதைவிட மண்ணில் விட்டுவைப்பது நல்லது. இது கடற்கரைக்குப் பொருந்தாது. ஈர மணலில் குழி தோண்டுவது சில விநாடி வேலை. அலை வந்து குழியை மூடிவிடும். தங்க மோதிரம் காட்டும் எண்ணில்தான் குப்பையும் வரும் என்பதால், அங்கே கேட்டதையெல்லாம் தோண்டுவதே முறை.

இனி மூன்றாவது முறை. எண் முக்கியமில்லை, ஒலி நிலைத்து நிற்கிறதா என்பதே முக்கியம் என்று சொல்வது சுலபம். வயலில் அதைச் செய்து பார்ப்பதற்கு ஒழுங்கு வேண்டும். ஒலி கேட்டவுடன் காயிலின் வீச்சைக் குறுக்கி, அந்த இடத்தின் மீது மட்டும் இருபுறமும் மெதுவாக அசைக்க வேண்டும். பிறகு நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, முதல் திசைக்குச் செங்குத்தாக நின்று மீண்டும் அசைக்க வேண்டும். காசு போன்ற வட்டமான பொருள் தட்டையாகக் கிடந்தால் இரு திசையிலும் ஒரே ஒலி, ஒன்றிரண்டு எண் வேறுபாட்டோடு வரும். ஆணியானால் ஒரு திசையில் நல்ல ஒலி கேட்டு, மறுதிசையில் அது உடைந்து இரும்பின் தாழ்ந்த முனகலாக மாறும். வளைந்த ஆணியும், நடுவில் துளையுள்ள இரும்பு வளையமும் இதில் அதிகம் ஏமாற்றும். அவற்றைக் கண்டுபிடிக்க இன்னொரு சோதனை உண்டு. ஒலி எந்தப் புள்ளியில் கேட்டது என்பதைக் காலால் குறித்துக்கொண்டு, பொருளின் சரியான இடத்தைக் காட்டும் பின்பாயின்ட் பொத்தானை அழுத்தினால், நல்ல பொருளின் மையம் அதே புள்ளியில் விழும். இரும்பின் பொய்யொலியானால் மையம் சில அங்குலம் விலகிப்போய் நிற்கும். அடுத்து, காயிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் பார்க்க வேண்டும். சிறு பொருளின் ஒலி அந்த உயரத்தில் மறைந்துவிடும். மறையாமல் தொடர்ந்தால் கீழே இருப்பது பெரியது என்று கொள்ளலாம். இவ்வளவையும் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. தேவையற்ற ஒரு குழியைத் தோண்டி மூடுவதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

இந்தச் சோதனைகளில் தேறிய எதையும், எண் 3 ஆனாலும் 30 ஆனாலும், தோண்ட வேண்டும் என்பதே விதி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். காலையில் எல்லாவற்றையும் தோண்டத் தொடங்கி, தொடர்ந்து நான்கைந்து முறை தோட்டாவின் பித்தளைத் தலை வந்ததும், அந்த எண்ணை மனத்துக்குள் விலக்கி வைத்துவிடுவார்கள். பிறகு அலுமினியத்தின் எண், பிறகு ஈயத்தின் எண் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, மாலைக்குள் மேல்முனை மட்டுமே மிஞ்சும். களைப்பு வரும்போது எண்களைக் கழிப்பதற்குப் பதிலாக நடக்கும் பரப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. கால் ஏக்கரை முழுமையாகப் பார்த்து முடித்த நாள், நான்கு ஏக்கரில் மேல்முனையை மட்டும் பொறுக்கிய நாளைவிட அந்த வயலைப் பற்றி அதிகம் சொல்லும்.

இந்த விதிக்கு நான் ஏற்றுக்கொள்ளும் விலக்குகள் இரண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஆணிகள் நிறைந்த ரோமானிய இடத்தில் இருதிசைச் சோதனையைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆணிக்கு மிக அருகில் கிடக்கும் காசின் ஒலியை ஆணி ஒரு பக்கத்தில் மறைத்துவிடும். எனவே ஒரே திசையில் வந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் கூர்மையாக வரும் ஒலியை அங்கே தோண்டியே ஆக வேண்டும். சிறிய காயிலைப் பொருத்தி, கருவியின் மீள்வேகத்தை (ஓர் ஒலிக்குப் பின் அடுத்ததற்குத் தயாராகும் வேகத்தை) உயர்த்தி, நடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் இத்தகைய ஒலிகள் நிறையக் கிடைக்கும். மாறாக, கல்கரி (எரிந்த நிலக்கரியின் எச்சம்) சிதறிய வயலில் விதியைச் சற்று இறுக்க வேண்டியிருக்கிறது. நீராவி இயந்திரத்தால் உழுத காலத்திலும், வீட்டு அடுப்புச் சாம்பலை எருவோடு சேர்த்துக் கொட்டிய காலத்திலும் வயலில் சேர்ந்த கல்கரித் துண்டுகள் கீழ் எண்ணில் நிலையாக ஒலித்து, எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். இருபது துண்டு எடுத்த பிறகு அவற்றின் ஒலியில் உள்ள மந்தமும் விளிம்பின்மையும் காதுக்குப் பழகும். அதுவரை வேறு வழியில்லை. நகரக் குப்பையிலிருந்து தயாரித்த கம்போஸ்ட் கொட்டிய வயல் இதைவிட மோசம். அதில் அரைபட்டுக் கலந்திருக்கும் அலுமினியச் சில்லுகள் எண்ணிக்கையில் அடங்காதவை. அத்தகைய வயலில் எந்த முறையும் பலிக்காது. வேறு வயலுக்கு அனுமதி கேட்பதே சரி.

கருவியின் அமைப்பும் இந்தத் தேர்வுக்கு ஒத்துப்போக வேண்டும். இரும்பை முழுவதுமாக ஊமையாக்கிவிடும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதைத் தவிர்த்து, இரும்புக்குத் தாழ்ந்த ஒலியை மெல்லிதாக வைத்துக் கேட்டுக்கொண்டே நடப்பது மேல். இரும்பு எங்கே அடர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மனிதர் வாழ்ந்த இடம் எது என்பது தெரியும். மற்றச் சிக்னல்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதையும் அதுவே சொல்லும். அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், வெட்டிய பென்னி, மெல்லிய தங்கம் போன்ற சிறியவற்றுக்கு உயர்ந்த அதிர்வெண்ணும், ஆழத்தில் கிடக்கும் பெரிய வெள்ளிக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணும் ஏற்றவை. ஆழம் கூடக்கூட, மண்ணின் கனிமங்கள் எண்ணைத் திரித்துக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெலிந்த, ஆழமான, எண் ஓரிடத்தில் நிற்காமல் தாவும் சிக்னலில் எண்ணைப் பார்ப்பதே வீண். காது சொல்வதை மட்டும் கேளுங்கள். அண்மைக் காலக் காசுகளைப் பற்றியும் ஒரு சொல். 1992 முதல் பிரிட்டனின் ஒரு பென்னி செம்பு பூசிய எஃகு. 2012 முதல் ஐந்து, பத்துப் பென்ஸ் காசுகளும் நிக்கல் பூசிய எஃகு. இவை இரும்புக்கும் காசுக்கும் நடுவே தாவித் தாவி ஒலித்துக் குழப்பும். காட்சித் திடல்களில் இது பெருந்தொல்லை, உழவு வயலில் அவ்வளவாக இல்லை.

இதுவரை சொன்னது உழுத மண்ணுக்கு. உழாத மேய்ச்சல் நிலத்தில் கணக்கு மாறுகிறது. உழவு வயலில் கலப்பை ஏற்கெனவே பொருளை அதன் இடத்திலிருந்து பிரித்துவிட்டது. அதை எடுத்துப் பதிவு செய்வதால் வரலாற்றுக்கு லாபமே தவிர இழப்பில்லை. மேய்ச்சல் நிலத்தில் பொருள் விழுந்த அடுக்கு அப்படியே இருக்கக்கூடும். அங்கே புல்கரணைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்குள் வருபவற்றோடு நிறுத்திக்கொண்டு, ஆழத்தில் மெலிதாகக் கேட்பதை விட்டுவிடுவதே பொறுப்பான செயல் என்று நினைக்கிறேன். பாதுகாக்கப்பட்ட தொல்லிடமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து அனுமதியின்றி டிடெக்டரை இயக்குவதே குற்றம். அங்கே எந்தச் சிக்னல் என்ற கேள்விக்கே இடமில்லை.

பெரிய, ஆழமான, இரும்பல்லாததுபோல் ஒலிக்கும் சிக்னல் தனி வகை. பெரும்பாலும் அது கலப்பைத் துண்டாகவோ நசுங்கிய டின்னாகவோ முடியும் என்பதால் அலட்சியம் செய்வோர் உண்டு. வேகமாகத் தோண்டிவிடுவோரும் உண்டு. இரண்டுமே தவறு. 2010 ஏப்ரலில் சாமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்கு அருகே டேவ் கிரிஸ்ப் என்பவருக்குக் கிடைத்தது தெளிவான உயர்ந்த ஒலியன்று, ஒருமாதிரியான தயங்கும் ஒலி. ஓரடிக்குச் சற்று மேல் தோண்டியபோது ஒரு சிறு ரோமானியக் காசும், பிறகு மண்பானையின் விளிம்பும் தெரிந்தன. அவர் அத்தோடு நிறுத்திக் குழியை மூடிவிட்டுத் தொல்லியல் அலுவலருக்குச் சொன்னார். பானைக்குள் இருந்தவை 52,503 காசுகள், எடை ஏறத்தாழ 160 கிலோ. அடுக்கடுக்காக எடுத்ததால், எந்தக் காசு பானையின் எந்த உயரத்தில் கிடந்தது என்பதும் தெரியவந்தது. அந்தப் பெரும் சேமிப்பு அங்கே புதைக்கப்பட்ட விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு அடிப்படையாக அமைந்தது அந்தத் தகவல்தான். ஒரே மூச்சில் அள்ளியிருந்தால் அது கிடைத்திராது.

ஆகவே இத்தகைய சிக்னலைத் தோண்டலாம், ஆனால் உழவு மண்ணின் அடி வரை மட்டும். கருமண் முடிந்து நிறம் மாறும் இடத்தில் ஸ்பேடை வைத்துவிட வேண்டும். பானை ஓடு, ஒரே குழியில் ஒன்றுக்கு மேற்பட்ட பழங்காசு, எலும்பு இவற்றில் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தி, கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்யும் அந்த மாவட்டத் தொல்லியல் அலுவலரான ஃபைண்ட்ஸ் லியேசான் ஆஃபீசரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பாதுகாப்புக்காகவும் இது அவசியம். உலகப்போர்க் காலத்து வெடிகுண்டுகள் இன்னும் வயல்களில் கிடக்கின்றன. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருளையும், ஒரே இடத்தில் கிடைத்த அத்தகைய காசுகளையும் பதினான்கு நாட்களுக்குள் கரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 ஜூலை 30 முதல், இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட, சிறப்பான வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் சாதாரண உலோகத்தால் ஆனதாக இருந்தாலும் இதில் அடங்கும். புதையல் அல்லாதவற்றையும், பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருட்களுக்கான பதிவுத் திட்டமான போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமில் பதிவு செய்ய, எடுத்த இடத்தின் எட்டு இலக்க வரைபடக் கட்டக் குறியீட்டைக் குழியை மூடுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஈயத் தோட்டாவுக்கும் அதைக் குறிப்பது வீணல்ல. தனித்தனியே மதிப்பில்லாத இருபது தோட்டாக்கள் வரைபடத்தில் ஒரே கோட்டில் விழும்போது, அடுத்த பருவத்தில் அந்த வயலின் எந்த மூலையில் கீழ் எண்களைக்கூட விடாமல் தோண்ட வேண்டும் என்பதை அந்தக் கோடே காட்டிவிடும்.